காலி நாற்காலிகளும் எதிர்வீட்டு நிழலும்

கண்ணு,

நேற்று நீ ஷார்ஜாவிலிருந்து போன் செய்தபோது நான் ஏதும் பேசாமல் ரிசீவரை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை. பேச ஆரம்பித்திருந்தால் உன் போன் கார்டு தீர்ந்திருக்கும், என் கோபம் தீர்ந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் தங்கை வசந்தாவின் கல்யாண வீடியோ கேசட் ஒருவழியாக ஆள் மூலம் உன் கைக்கு வந்து சேர்ந்ததாம், ரூமில் இருக்கிற பையன்களையெல்லாம் கூட்டிவைத்துப் போட்டாயாம், அவர்கள் முன்னால் தலைகுனிவாகப் போய்விட்டதாம். "நாற்காலியெல்லாம் காலியாக் கெடக்குதுங்கம்மா. ஒருத்தரையும் கூப்புடலீங்களா? இத்தனை பண்ணியும் என் மானத்தை வாங்கிப்போட்டீங்களே" என்றாய். உன் மானம் எங்கே போயிற்று, அந்த நாற்காலிகளில் உட்கார வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்கிறேன். நடுவில் எழுந்து போகாமல் முழுதும் படி. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அவர்கள் எங்கும் போகவில்லை. சர்ச்சிலிருந்து அத்தனை பேரும் நம் வீட்டுக்குத்தான் வந்தார்கள். வந்து, நீ போட்டுவிட்டுப் போன சிமெண்ட் தளத்தில் கால் வைத்தார்கள். வைத்த கொஞ்ச நேரத்திலேயே ஒவ்வொருவராகத் தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு ரங்கசாமி அண்ணனின் தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விட்டார்கள். எந்த ரங்கசாமி என்று நீ கேட்க மாட்டாய். பொங்கல் லீவில் வந்தபோது, அவர் மரத்துக் கிளை நம் காம்பவுண்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆள் விட்டு வெட்டினாயே, அதே ரங்கசாமிதான்.

நீ லீவில் வந்து இறங்கியதிலிருந்தே உனக்கு நம் வாசல் பிடிக்கவில்லை. இருபத்தைந்து வருஷமாக அந்த மண் வாசல் அப்படியேதான் இருந்தது. நடுவில் புங்கமரம், அதற்குக் கீழே உன் அப்பாவின் சாய்வு நாற்காலி. மில்லில் பஞ்சுத் தூசியைக் குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டுப்போன மனிதர், ரிட்டயர் ஆன பிறகு காற்றுக்காக உட்கார்ந்தது அந்த மரத்தடியில்தான். சாயங்காலம் நான் ஆஸ்பத்திரி டியூட்டி முடித்துவிட்டு வரும்போது, அவர் பக்கெட்டில் தண்ணீர் எடுத்து வாசலுக்குத் தெளித்துவைத்திருப்பார். அந்த ஈரம் ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள் குளிர்ச்சியாக வரும். உனக்கோ அது சேறு. இலை குப்பை, காக்கை எச்சம், ஆடிக்காற்றில் புழுதி, மழையில் சகதி. மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்குவார்கள், மண்ணிலா இறங்குவது என்றாய். மூன்றே நாளில் மரம் விழுந்தது, வேர் தோண்டப்பட்டது, காம்பவுண்டுச் சுவர் தொட்டு வீட்டுப்படி வரை ஒரு சாண் இடம் விடாமல் சிமெண்ட் ஆயிற்று.

நான் தடுக்கப் பார்த்தேன் என்பதை மறந்துவிட்டிருப்பாய். "ஒரு மரத்தையாச்சும் உடு கண்ணு" என்றேன். "நீங்க சும்மா இருங்கம்மா. தாத்தா காலம் பூரா அடுத்தவன் தோட்டத்துச் சேத்துல நின்னாரு. நம்ம ஊட்டு வாசல்லயாவது கால்ல மண்ணு ஒட்டக் கூடாது" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் நாற்காலியைத் தானே மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, "பையன் ஆசைப்படறான், உடு அம்மணி" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது வருகிறது. உன் தாத்தாவுக்கு மண் மேல் எந்த வெறுப்பும் இருக்கவில்லை கண்ணு. அது தன்னுடையதாக இல்லையே என்பதுதான் அவருக்கு இருந்த வலி. துடியலூரில் இந்த இடம் நம் பேருக்கு ஆனபோது அவர் வந்து செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றிவிட்டு நாலு மூலைக்கும் நடந்ததுதான். அந்த இடத்தைத்தான் நீ மூடினாய்.

நீ விமானம் ஏறியபோது குளிர்காலம். தளம் பளபளவென்றிருந்தது, கோலம் போட்டால் கண்ணைப் பறித்தது, தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மாசி பாதியில்தான் அது தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. காலையில் நல்லபடியாகத்தான் இருக்கும். மதியம் துணி காயப்போடப் போனால் செருப்பைத் தாண்டிச் சுடும். சரி, வெயில் நேரம், எங்கேயும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பொழுது விழுந்த பிறகும் அது அடங்காது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு அதைக் கக்கும். ஜன்னலைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோல அனல் அடிக்கும். மூடினால் மூச்சு முட்டும். மேலே ஃபேன் அதே சூட்டைச் சுற்றிச் சுற்றிக் கொடுக்கும். உன் அப்பா பழைய ஞாபகத்தில் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார். புஸ்ஸென்று ஆவி வந்தது, ஒரு நிமிஷத்தில் தளம் காய்ந்துவிட்டது. மண் என்றால் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். இது எதையும் வாங்காது. மீதித் தண்ணீர் கேட்டுக்கு அடியில் ஓடித் தெருச் சாக்கடையில் விழுந்தது. அவர் காலிப் பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நான் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள், எதையும் பார்த்துத்தான் நம்புவேன். ஒரு மதியம் வீட்டிலிருந்த பழைய தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய், முதலில் தெரு ஓரத்து மண்ணில், ரங்கசாமி அண்ணன் மரத்து நிழல் விழுகிற இடத்தில் வைத்தேன். பாதரசம் எழுந்திருக்கவே இல்லை, அடியிலேயே படுத்துக்கிடந்தது. அதையே எடுத்துவந்து நம் தளத்தில் வைத்தேன். காய்ச்சல்காரன் நாக்குக்கு அடியில்கூட அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. உச்சிக்கு ஓடி, கண்ணாடி கீறல் விட்டுவிட்டது. இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் தெருதான். மேலே இருப்பது ஒரே சூரியன்தான். கீழே என்ன இருக்கிறது, மேலே நிழல் உண்டா இல்லையா என்பதில்தான் அத்தனை வித்தியாசமும். இதை நான் போனில் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். "இங்க இதைவிட வெயிலுங்கம்மா, நாங்கல்லாம் இருக்கோமில்ல?" என்றாய். அங்கே நீ ஏசி ரூமிலிருந்து ஏசி வண்டிக்குப் போகிறாய் கண்ணு. உனக்குக் கீழே தளம் போடுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குத் தென்னங்கீற்றுப் பந்தல் போடலாம் என்று உன் அப்பா சொன்னார். அதுவும் உனக்கு ஆகவில்லை. ஷாமியானாதான் போட வேண்டும், அதுவும் சிவப்பும் மஞ்சளுமாக, வீடியோவில் எடுப்பாக இருக்கும் என்று போனில் உத்தரவு போட்டாய். போட்டோம். மே மாதம், உச்சி வெயில், மேலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற துணி, கீழே காலையிலிருந்து காய்ந்த சிமெண்ட். துணிக்கு அடியில் நிழல் மாதிரி ஒன்று இருந்தது, ஆனால் அந்த நிழலில் குளிர்ச்சி இல்லை. கீழிருந்து எழும்புகிற சூடு வெளியே போக வழியில்லாமல் துணிக்கு அடியிலேயே நின்றது. ஷாமியானா மூடாத பக்கத்துத் தளத்திலிருந்து வெயில் எதிரடித்ததில் கண் கூசியது. பட்டுப்புடவை கட்டிய பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். வெறுங்கால். அது வீறிட்ட சத்தத்தில் மைக்கில் பேசிக்கொண்டிருந்த போதகர் நிறுத்திவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் தெருவைத் தாண்டியது அந்தப் பெண்தான். அவளுக்குப் பின்னால் அவள் மாமியார், பிறகு நம் பக்கத்துப் பெண்கள், பிறகு எல்லோரும்.

ரங்கசாமி அண்ணன் நம்மோடு பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது. பத்திரிகை வைக்கப் போனபோதுகூட வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு, "சரிங்க" என்றாரே தவிர, உட்காரச் சொல்லவில்லை. சர்ச்சுக்கும் வரவில்லை. அந்த மனிதர் தன் வாசலில் திடீரென்று ஊர்ச்சனம் வந்து நிற்பதைப் பார்த்து வெளியே வந்தார். விரட்டினால் என்ன செய்வது, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என்ன சொல்வது என்று நான் இந்தப் பக்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். உள்ளே போய்க் கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து போட்டார். "ஏனுங்க, கொழந்தையை வெச்சுட்டு நிக்கறீங்க, இப்படி உக்காருங்க" என்றார். பிறகு சம்சாரத்தைக் கூப்பிட்டுப் பானைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பந்தி பரிமாறுகிற பையன்கள் தயங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். அவரே தெருவின் நடுவுக்கு வந்து, "அந்த மேசையெல்லாம் இங்க தூக்கியாங்கடா, சனம் எங்க இருக்குதோ அங்கதான சோறு போடோணும்" என்றார். உன் தங்கை கல்யாணத்துப் பிரியாணி முழுவதும் அவர் மரத்தடியில்தான் பரிமாறப்பட்டது. நீ பார்த்த காலி நாற்காலிகளின் கதை இதுதான். வீடியோ எடுத்தவன் மேடையையும் ஷாமியானாவையும் எடுக்கச் சொல்லி நீ சொன்னபடி அவற்றையே எடுத்துக்கொண்டிருந்தான். பொண்ணும் மாப்பிள்ளையும் அந்த அனலில் கழுத்து மாலையோடு அவனுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாதது. நாற்காலி காலி என்று பார்த்தாயே கண்ணு, அதே கேசட்டில் உன் அப்பா எந்த இடத்தில் காணாமல் போகிறார் என்று பார்த்தாயா? நீ அனுப்பிய கோட்டு சூட்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருப்பார். போதகர் மைக்கில் பேசுகிற வரைக்கும் அங்கங்கே தலை தெரியும். அதற்குப் பிறகு இல்லை. கேக் வெட்டும்போது இல்லை, குடும்பப் போட்டோவில் இல்லை. அத்தனை பேரும் நிழலுக்குப் போன பிறகும் அவர் அந்தத் தளத்தை விட்டு நகரவில்லை. நான் இரண்டு தரம் போய்க் கூப்பிட்டேன். "கெளையை வெட்டிப்போட்டு அவரு நெழல்ல போயி எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது? நீ போ, நான் நம்ம வாசல்லயே நிக்கறேன்" என்றார். கிளையை வெட்டியது அவரல்ல, நீ. வெட்கப்பட்டது அவர். கோட்டைக் கழற்றுங்கள் என்றேன், பையன் ஆசையாக அனுப்பியது, வீடியோவில் பார்ப்பான் என்று அதையும் கழற்றவில்லை.

மூன்றாம் தரம் நான் திரும்பிப் பார்த்தபோது அவர் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து சரிந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்த் தொட்டேன். தோல் நெருப்பாகக் கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. வெயிலில் நிற்கிறவனுக்கு வியர்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் பயமில்லை, வியர்வை நின்றால் நேரம் இல்லை என்று வார்டில் எத்தனை பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருப்பேன். என்னைப் பார்த்து, செத்துப்போன அவர் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கத்தினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. ரங்கசாமி அண்ணன்தான் முதலில் ஓடிவந்தார். ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடி மண்ணில் படுக்கவைத்தோம். கோட்டைப் பொத்தானோடு கிழித்தேன். அண்ணனும் அவர் சம்சாரமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், பெண்கள் முந்தானையால் விசிறினார்கள். கொஞ்சம் பொறுத்து என் பெயரைச் சரியாகச் சொன்னார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளையின் மாமாவுடைய காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் டிரிப் ஏற்றி, சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். வசந்தா புகுந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். நான்தான் பிடித்து அனுப்பினேன். போகும்போது அவள் சொன்னது, "அண்ணன்கிட்டச் சொல்லாதீங்கம்மா, லீவு கெடைக்காம அவன் ஏற்கெனவே நொந்துட்டு இருக்கான்" என்பதுதான். சொல்லவில்லை. நேற்று நீ மானத்தைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சொல்லாமலே இருந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ரங்கசாமி அண்ணன் தூக்குப்போசியில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், பேச்சு எப்போதும் கொஞ்சம் வெடுக்கென்றுதான் இருக்கும். உன் அப்பா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு, பையன் செய்தது தப்புங்க என்றார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கெளை வேணும்னு கேட்டிருந்தா நானே ஏறி வெட்டிக் குடுத்திருப்பனுங்க. கேக்காம செஞ்சதுதான் மனசுக்கு ஆகலை. இப்ப நீங்க கஞ்சியக் குடிங்க, ஆறுது" என்றார். அவ்வளவுதான்.

நேற்று நீ போனில் இன்னொன்றும் சொன்னாய். அடுத்த லீவில் வந்து வீட்டுக்குப் பின்னாலும் சிமெண்ட் போட்டுவிடலாம், துணி துவைக்கிற இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்றாய். அந்தத் தண்ணீரில்தான் நம் வாழையும் முருங்கையும் நிற்கின்றன, இப்போதைக்கு இந்த வீட்டில் மதியம் உட்கார முடிகிற ஒரே இடமும் அதுதான். அங்கே உன் கை படக் கூடாது. முன்வாசல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு கேட்காமல் செய்தேன் என்று நீ குறைப்படாதே. சிமெண்டை உடைத்துவிட்டேன். ஆடிக்காற்று ஓய்ந்ததும் சம்மட்டியோடு ஆள் வரச் சொன்னேன். நீ நல்ல கலவைதான் போட்டிருக்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். உடைக்க ஒரு வாரம் ஆயிற்று, ஆட்கள் உன்னைத் திட்டிக்கொண்டேதான் உடைத்தார்கள். முழுவதையும் எடுக்க வேண்டாம், பையன் கார் வாங்கினால் நிறுத்த வேண்டும் என்று உன் அப்பா பிடிவாதம் பிடித்தார். கார்ச் சக்கரம் போகிற இரண்டு தடம் மட்டும் விட்டிருக்கிறேன். மீதியெல்லாம் மண். ஒரு புங்கங்கன்று வைத்திருக்கிறேன். அது நிழல் தருவதற்குப் பல வருஷம் ஆகும். மூன்று நாளில் வெட்டியதை மூன்று நாளில் வளர்க்க முடியாது என்பதைத் தளம் போடுகிற உனக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அதுவரைக்கும் வாசலில் கம்பு நட்டுப் பீர்க்கங்கொடி ஏற்றியிருக்கிறேன். பார்க்க அழகாக இல்லை. அதற்கு அடியில் உன் அப்பா உட்கார்கிறார், எனக்கு அது போதும்.

உன் மேல் எனக்குக் கோபம், அதை மறைக்கவில்லை. ஆனால் நீ கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்களுக்கு நல்லது என்று நீயே முடிவு கட்டிக்கொண்டு, அது எங்களுக்குச் சுடுகிறதா என்று ஒரு தரமாவது கேட்காமல் விமானம் ஏறுகிறாய். அதுதான் என் ஆற்றாமை. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவளுக்கு ஏதாவது செய்வதற்கு முன்னால், அவள் நாளெல்லாம் நிற்கப்போகிற இடத்தில் ஒரு மதியம் நீ நின்று பார். அங்கே உனக்குக் கீழே வேலை செய்கிற ஆட்களுக்கும் உச்சிப்பொழுதில் ஒரு ஓலைப் பந்தலாவது கட்டிக்கொடு. அவர்களுக்கும் ஊரில் யாரோ ஒருத்தி நர்ஸாக இல்லாமல், என்ன ஆயிற்று என்றே தெரியாமல் காத்துக்கொண்டிருப்பாள்.

உனக்குப் பெண் பார்க்கிறோம், பீளமேட்டில் ஒரு இடம் படிந்துவருகிறது. தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. வெயில் இல்லாத மாதம்தான், ஆனாலும் விருந்தை எங்கே வைப்பது என்று யோசித்து, போன ஞாயிற்றுக்கிழமை நானே எதிர்வீட்டுக்குப் போய் ரங்கசாமி அண்ணனிடம் மரத்தடியைக் கேட்டேன். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மரத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பையன் வருவானல்லங்க நர்ஸம்மா? அவனே வந்து கேக்கட்டும்" என்றார்.

அப்பா இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் வீட்டுக்குள் வராதே. முதலில் அங்கே போ.

அம்மா